வெள்ளீயமும் காரீயமும்

காசிக்குப் படிக்க வந்த தமிழ் மாணவனுக்கு முதல் சில மாதங்கள் எதுவும் குறையாகத் தெரிவதில்லை. பிறகுதான் ரசத்தின் நினைவு வருகிறது. விடுதிச் சாப்பாட்டில் பருப்பு உண்டு, உருளைக்கிழங்கு உண்டு, ரொட்டிக்கும் பஞ்சமில்லை; புளிக்கு மட்டும் அங்கே இடமில்லை. ஆகவே நாங்கள் நால்வர், வெளியே அறை எடுத்துத் தங்கியிருக்கும் ஒரு நண்பனுடைய அடுப்பில் ஞாயிறுதோறும் ரசம் வைப்பது என்று சென்ற ஆண்டு தீர்மானித்தோம். எவர்சில்வர் பாத்திரத்தில் வைத்த ரசம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அறைக்கு உரிய தஞ்சாவூர் நண்பனுக்குத் திருப்தியில்லை. ஈயச் சொம்பில் வைத்தால்தான் அது ரசம் என்பது அவனுடைய கட்சி.

ஒரு நாள் கடைத்தெருவிலிருந்து இரண்டு சொம்புகள் வாங்கி வந்தான். ஊரில் விற்கும் விலையில் பாதிதான் ஆயிற்றாம். ஒன்று எங்களுக்கு, மற்றொன்று, தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது அக்காவுக்குக் கொடுப்பதற்கு. அக்காவுக்கு இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை இருக்கிறது.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அந்தச் சொம்பில் ரசம் கொதித்தது. நாங்களும் குடித்தோம், புகழ்ந்தோம். மூன்றாம் வாரம் பாட்டியுடன் தொலைபேசியில் பேசும்போது பெருமையாக இதைச் சொன்னேன். பாட்டி புகழவில்லை. "சொம்பைத் துடைத்துவிட்டு வெள்ளைக் காகிதத்தில் தேய்த்துப் பாருடா கண்ணா. கோடு விழுந்தால் அது காரீயம். அதில் ஒரு வாய் கூடக் குடிக்காதே" என்றாள்.

தேய்த்துப் பார்த்தோம். மங்கலாக, பென்சில் கோடு போல, சாம்பல் நிறத்தில் ஒரு கோடு விழுந்தது.

தமிழில் ஈயம் என்ற ஒரு சொல் இரண்டு உலோகங்களைக் குறிக்கிறது. ஒன்று வெள்ளீயம், மற்றொன்று காரீயம். பேச்சில் நாம் அடைமொழியை விட்டுவிடுகிறோம்; ஈயச் சொம்பு, ஈயம் பூசுதல், ஈயக் குண்டு என்று எல்லாவற்றையும் ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம். சொம்பும் பூச்சும் வெள்ளீயம், குண்டு காரீயம். இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் உரியதன்று. பழைய உரோமானியரும் ஒன்றைக் கறுப்புப் ப்ளம்பம் என்றும், மற்றொன்றை வெள்ளைப் ப்ளம்பம் என்றும் அழைத்தார்கள். இந்திக்காரர்கள் இவ்விஷயத்தில் நம்மைவிடத் தெளிவானவர்கள். வெள்ளீயம் அவர்களுக்கு ராங்கா, காரீயம் சீசா. நண்பன் கடையில் ராங்கா என்றுதான் கேட்டு வாங்கினான். சொல் சரியாக இருந்தது. பொருள்தான் சரியாக இல்லை.

இரண்டு உலோகங்களும் உருவத்தில் நெருங்கியவை. இரண்டும் மென்மையானவை, எளிதில் உருகுபவை. வெள்ளீயம் 232 டிகிரி சென்டிகிரேடில் உருகும்; காரீயம் 327 டிகிரியில். இதனால்தான் நம் பாட்டிமார் ஈயச் சொம்பை வெறுமையாக அடுப்பில் வைப்பதில்லை. உள்ளே ரசம் இருக்கும் வரையில் சூடு நூறு டிகிரியைச் சுற்றியே நிற்கும், சொம்பு உருகாது. வெள்ளீயம் உணவுக்குப் பெரும் கேடு செய்யாத உலோகம். காரீயம் அப்படியன்று, அது உடலுக்கு எந்த வகையிலும் பயன்படாத நஞ்சு. ஆனால் விலை மலிவு. ஆகையால் வெள்ளீயத்துடன் காரீயத்தைக் கலப்பதில் வியாபாரிக்கு இலாபம் இருக்கிறது. கலந்த பின் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பதும் அரிது.

அதிலும் ரசத்துக்கென்று ஒரு தனி ஆபத்து உண்டு. புளியின் புளிப்புக்குக் காரணம் பெரும்பாலும் டார்டாரிக் அமிலம். அது காரீயத்தைப் பற்றி இழுத்துக் கரைசலில் சேர்த்துக்கொள்ளும் குணமுடையது. சூடும் நேரமும் சேர்ந்தால் இந்த வேலை விரைவாக நடக்கும். இதே அமிலம் திராட்சையிலும் இருக்கிறது. உரோமானியர் திராட்சைச் சாற்றைக் காரீயப் பாத்திரத்தில் காய்ச்சிப் பாகாக்கி, மதுவிலும் உணவிலும் கலந்தார்கள். காரீய உப்புகளுக்கு இனிப்புச் சுவை உண்டு. ஆகவே அவர்கள் நாவுக்கு அது குற்றமாகப் படவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் டெவன் வட்டாரத்தில் ஆப்பிள் மது குடித்தவர்கள் கடுமையான வயிற்று வலியால் துன்புற்றார்கள். ஆப்பிள் பிழியும் செக்குகளில் பதித்திருந்த காரீயமே காரணம் என்று 1767-இல் ஜார்ஜ் பேக்கர் என்ற மருத்துவர் எடுத்துக் காட்டினார். புளிப்பும் காரீயமும் கூடினால் நஞ்சு என்ற பாடம் அத்தனை பழையது.

காகிதத்தில் விழுந்த கோடு சந்தேகத்துக்குப் போதும், தீர்ப்புக்குப் போதாது. ஆகவே இரசாயனப் பேராசிரியரின் அனுமதி பெற்று, சொம்பைப் பரிசோதனைச் சாலைக்கு எடுத்துச் சென்றோம்.

முதலில் அடர்த்தியைப் பார்த்தோம். சொம்பை எடை போட்டு, பிறகு தண்ணீருக்குள் தொங்கவிட்டு எடை போட்டால், எடையில் ஏற்படும் குறைவிலிருந்து கன அளவு தெரியும். ஆர்க்கிமிடீஸ் அரசனுடைய கிரீடத்துக்குச் செய்ததாகச் சொல்லும் சோதனைக்கு இதுதான் அடிப்படை. வெள்ளீயத்தின் அடர்த்தி 7.3, காரீயத்தினுடையது 11.3. எங்கள் சொம்புக்குக் கிடைத்த எண் 8.6. கணக்கிட்டுப் பாருங்கள். 58 கிராம் வெள்ளீயம் ஏறத்தாழ 7.9 கன சென்டிமீட்டர் இடம் பிடிக்கும். 42 கிராம் காரீயம் 3.7 கன சென்டிமீட்டர். இரண்டும் சேர்ந்தால் 100 கிராமுக்கு 11.6 கன சென்டிமீட்டர், அடர்த்தி 8.6. அதாவது, கலந்தது காரீயம்தான் என்றால், சொம்பின் எடையில் பத்தில் நான்கு பங்கு அது.

கலந்தது காரீயம்தானா என்பதை அடுத்த சோதனை சொல்லிற்று. சிறிது சுரண்டி நைட்ரிக் அமிலத்தில் இட்டோம். வெள்ளீயம் கரையாத வெள்ளைப் பொடியாக மாறி அடியில் தங்கியது. காரீயம் இருந்தால் அது கரைசலில் கலந்திருக்க வேண்டும். வடிகட்டிய தெளிந்த நீரில் பொட்டாசியம் குரோமேட்டுக் கரைசலைச் சில துளிகள் விட்டேன். நொடியில் குழாய் முழுவதும் கண்ணைப் பறிக்கும் மஞ்சள் நிறப் பொடியாகத் திரண்டது. காரீயக் குரோமேட்டு!

தஞ்சாவூர் நண்பன் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். "மஞ்சள் பொடி மாதிரியே இருக்கிறதே" என்றான்.

அவன் விளையாட்டாகச் சொன்னது வேதனையான உண்மை. நாங்கள் குழாயில் கண்ட அதே பொருள்தான் பல ஊர்களில் மஞ்சளின் மேல் பூசப்படுகிறது. வண்ணத் தொழிலில் அதற்குக் குரோம் மஞ்சள் என்று பெயர். வான் கோ தீட்டிய சூரியகாந்திப் பூக்களில் ஒளிர்வது அதுவே. ஓவியத்தில் இருக்கும் வரையில் அழகு. குழம்பில் விழுந்தால் நஞ்சு.

வங்காள தேசத்தின் கதை நமக்குப் பாடம். அங்கே 1980-களில் வெள்ளத்தில் நனைந்து நிறம் மங்கிய மஞ்சளை விற்பதற்காக இந்தப் பூச்சைத் தொடங்கினார்கள் என்று கூறப்படுகிறது. வாங்குவோர் பளிச்சென்ற மஞ்சளையே விரும்பியதால் வெள்ளம் வடிந்த பின்னும் வழக்கம் வடியவில்லை. கிராமப்புறத்துக் கர்ப்பிணிகளின் இரத்தத்தில் காரீயம் மிகுந்திருப்பதைக் கண்ட ஆராய்ச்சியாளர்கள், அது எங்கிருந்து வருகிறது என்று தேடி, மஞ்சளில் வந்து நின்றார்கள். 2019-இல் இந்த முடிவுகள் வெளியாயின. அரசு விழித்துக்கொண்டது. சந்தைகளில் சோதனை நடந்தது; வியாபாரிகளுக்கு அபராதம் விதிக்கப்பட்டது; மக்களுக்கு எச்சரிக்கை பரப்பப்பட்டது. 2019-இல் சந்தை மஞ்சள் மாதிரிகளில் 47 விழுக்காட்டில் காணப்பட்ட காரீயக் கலப்படம், 2021-இல் ஒன்றில் கூடக் காணப்படவில்லை. செய்ய முடியாது என்று நாம் கைவிடும் காரியங்கள் பல இரண்டே ஆண்டுகளில் செய்யக் கூடியவை என்பதற்கு இது சான்று.

நம் நாட்டு நிலைமை என்ன? 2020 டிசம்பர் முதல் 2021 மார்ச்சு வரையில் இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, நேபாளம் ஆகிய நாடுகளின் 23 நகரங்களில் மஞ்சள் மாதிரிகள் திரட்டிச் சோதித்தார்கள். முடிவுகள் 2024-இல் வெளியாயின. கராச்சி, பெஷாவர் நகரங்களோடு நமக்கு அண்டையிலுள்ள பாட்னாவிலும் ஒரு கிராம் மஞ்சளில் 1,000 மைக்ரோ கிராமுக்கு மேல் காரீயம் இருந்த மாதிரிகள் அகப்பட்டன. நம் நாட்டுச் சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவு கிராமுக்கு 10 மைக்ரோ கிராம். நூறு மடங்கு! எல்லா மஞ்சளும் இப்படி என்பதன்று, பெரும்பாலானவை நல்லவையே. ஆனால் எது நல்லது என்று நாக்கும் மூக்கும் சொல்ல மாட்டா.

உடலுக்குள் போன காரீயம் சுண்ணாம்புச் சத்தின் வேஷம் போட்டுக்கொண்டு உலவுகிறது. நரம்புகள் ஒன்றோடொன்று செய்தி பேசுவதற்குச் சுண்ணாம்புச் சத்து தேவை. அந்த இடத்தில் காரீயம் புகுந்து கெடுக்கிறது. இரத்தத்துக்குச் சிவப்பு தரும் பொருள் உண்டாவதையும் தடுக்கிறது. இரத்தத்தில் ஏறத்தாழ ஒரு மாதம் தங்கி, பிறகு எலும்பில் குடிபுகுகிறது. அங்கே பல பத்தாண்டுகள் இருக்கும். ஒரு பெண் தாயாகும் காலத்தில் எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்து கரையும்போது, அவள் சிறு வயதில் உண்ட காரீயமும் உடன் கரைந்து கருவைச் சென்று சேரும்.

குழந்தைகளின் நிலைமை இன்னும் கொடிது. உணவில் வரும் காரீயத்தைக் குழந்தையின் உடல் பெரியவர்களைப் போல நான்கைந்து மடங்கு ஏற்றுக்கொள்கிறது. காய்ச்சலோ வலியோ இராது. அறிவுக் கூர்மை சற்றே குறையும், கவனம் சிதறும். அந்தப் பிள்ளையை நாம் மந்தம் என்று சொல்லிவிட்டுப் போவோம். உலகில் சுமார் 80 கோடிக் குழந்தைகளின் இரத்தத்தில், ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோ கிராமோ அதற்கு மேலோ காரீயம் இருக்கிறது என்று யுனிசெப் 2020-இல் மதிப்பிட்டது. அவர்களில் ஏறத்தாழ 27 கோடிக்கு மேற்பட்டோர் இந்தியக் குழந்தைகள். தீங்கற்ற அளவு என்று ஒன்று காரீயத்துக்கு இருப்பதாகத் தெரியவில்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கருத்து.

சட்டம் சில வாசல்களை அடைத்திருக்கிறது. காரீயம் சேர்த்த பெட்ரோல் நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டோடு நின்றது. வீட்டு வர்ணங்களில் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் காரீயம் கூடாது என்ற விதி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அதற்கு முன் பூசிய சுவர்களும் கதவுகளும் இன்னும் இருக்கின்றன. உரிந்த வர்ணத்தின் தூசி குழந்தையின் விரல் வழியாக வாய்க்குப் போகிறது.

ஆகவே நாம் செய்யக் கூடியவை இவை. மஞ்சளைப் பொடியாக வாங்குவதைவிடக் கிழங்காக வாங்குங்கள். ஒரு கிழங்கைக் கண்ணாடித் தம்ளர் நீரில் இடுங்கள். உடனே நிறம் கழன்று நீர் மஞ்சளானால் அதை வாங்காதீர்கள். மிகவும் பளிச்சென்றிருக்கும் மஞ்சளைத் தேடாதீர்கள். பூச்சைப் பிறப்பித்தது வாங்குவோரின் அந்த ஆசைதான். குங்குமத்தையும் விசாரித்து வாங்குங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் கூடிப் பிறக்கும் சிவப்பு வேறு, செவ்வீயம் என்ற காரீய ஆக்சைடின் சிவப்பு வேறு. பழைய வர்ணம் உதிரும் அறையை உலரப் பெருக்காமல் ஈரத் துணியால் துடையுங்கள். ஈயப் பாத்திரமும் ஈயப் பூச்சும் தெரிந்த இடத்தில் மட்டும் செய்துகொள்ளுங்கள். ஐயமிருந்தால் எவர்சில்வரே போதும். ரசம் ஒன்றும் கோபித்துக்கொள்ளாது.

எங்கள் சொம்புகளின் கதையை முடித்துவிடுகிறேன். அக்காவுக்கென்று வைத்திருந்த இரண்டாவது சொம்பையும் சோதித்தோம், அதுவும் அவ்வாறே. கொடுத்த பணத்தில் கொஞ்சமாவது திரும்பட்டும் என்று பழைய பாத்திரக்காரரிடம் போடலாம் என்றார் எங்களில் ஒருவர். தஞ்சாவூர் நண்பன் மறுத்துவிட்டான். "போட்டால் அவர் உருக்குவார், இன்னொரு சொம்பாக வரும், இன்னொரு அக்கா வாங்குவாள்" என்றான். அதற்கு எங்களிடம் பதில் இல்லை.

இரண்டும் இப்போது இரசாயனப் பரிசோதனைச் சாலையின் அலமாரியில், 'காரீயக் கலப்பு, உணவுக்கு ஆகாது' என்று தமிழிலும் இந்தியிலும் எழுதிய சீட்டுடன் இருக்கின்றன. பார்க்க விரும்பும் நண்பர்கள் வந்து பார்க்கலாம். வரும்போது தங்கள் அறையிலுள்ள ஈயச் சொம்பையும், ஒரு வெள்ளைக் காகிதத்தையும் கொண்டு வாருங்கள்.