வளையமும் முத்திரையும்

மாரியூர்

அன்புள்ள தம்பிக்கு,

ஊதியப் பட்டியலை நள்ளிரவில் தானாகவே சங்கேதமாக்கி வங்கிக்கு அனுப்பும் ஸ்கிரிப்டை எழுதி முடித்தாய் என்பதில் மகிழ்ச்சி. ஆனால், வங்கியின் பொதுச்சாவியால் பூட்டிய கோப்பை வங்கியாரைத் தவிர வேறெவரும் திறக்க இயலாதாகையால், அதன்மேல் கையொப்பமும் வேண்டுமென்பது வீண் சம்பிரதாயம் என்று எழுதியிருக்கிறாயே, படித்தவர்கள் பலரிடம் இந்த அபிப்பிராயத்தைக் கேட்டுச் சலித்தவனாதலால் சற்றுக் கடுமையாகவே எழுதுகிறேன்.

பொதுச்சாவி எவனிடமும் இருக்கலாம். அவன் பொய்ப்பட்டியல் ஒன்றை அதே சாவியால் பூட்டி உரிய இடத்தில் போட்டுவிட்டால், ஜிபிஜி என்னும் சங்கேத நிரல் அதையும் பழுதின்றித் திறந்து, பிழையில்லை என்பதற்கு அடையாளமான பூஜ்யத்தையே திருப்பித் தரும். ரகசியம் வேறு, பிராமாண்யம் வேறு.

திருவாலங்காட்டுச் செப்பேடுகளை நினைத்துக்கொள். 1905இல் கிடைத்த அந்த 31 ஏடுகளும் ஒரே வளையத்தில் கோக்கப்பட்டு, வளையத்தின் முனைகள் புலியும் இரு கயலும் வில்லும் பொறித்த ராஜேந்திர சோழனின் முத்திரையால் இணைக்கப்பட்டவை. அச்சாசனத்தில் ரகசியம் எள்ளளவும் இல்லை. எழுத்தறிந்த எவரும் படிக்கலாம். ஆயினும் இடையில் ஓர் ஏட்டைச் செருகவோ உருவவோ நினைப்பவன் வளையத்தை அறுத்தே ஆகவேண்டும். ஆதலால்தான் சாசன ஆராய்ச்சியாளர்கள், செப்பேடு கைக்கு வந்தபோது வளையம் அறுபட்டிருந்ததா என்பதையும் குறித்து வைக்கிறார்கள். தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளில் இக்குறிப்புகளைத் தேடிப் படிப்பதில் எனக்கு இன்றும் அலுப்பில்லை. ரகசியத்தைக் காட்டிலும் முத்திரையே முதன்மையானது என்பது நான் விடாப்பிடியாகக் கொண்டுள்ள கொள்கை. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டமும் தன் மூன்றாம் பிரிவிலேயே, இரட்டைச்சாவி முறையால் மின்பதிவின் உண்மையை நிலைநாட்டுவதைத்தான் பேசுகிறது.

ஆகவே ஒரே கட்டளையில் கையொப்பமும் சங்கேதமும் சேர்ந்து நிகழட்டும். கடவுச்சொல்லைக் கட்டளை வரியில் எழுதும் வழக்கத்தை உடனே கைவிடு. நிரல் ஓடும்வரை, அதே கணினியில் நுழைந்த பிறர் அதைச் செயல்பட்டியலில் கண்டுகொள்ளக்கூடும்.

வங்கியிலிருந்து திரும்பி வரும் கோப்பைத் திறக்கையில் பூஜ்யத்தை நம்பாதே. ஜிபிஜியின் ஸ்டேட்டஸ்-எஃப்டி என்னும் நிலையறிக்கை வழியே வரும் வரிகளில் ‘வேலிட்சிக்’ என்ற சொல் உள்ளதைத் தேடி, அதிலுள்ள 40 எழுத்துச் சாவிக் கைரேகை, வங்கியார் நேரில் தந்த கைரேகையோடு ஒத்திருக்கிறதா என்று ஸ்கிரிப்டே பார்க்கவேண்டும். ஜிபிஜி கோப்பு முழுவதையும் சோதித்து முடிக்கும் முன்பே திறந்த பகுதியை எழுதத் தொடங்கிவிடுமாகையால், அதைத் தற்காலிகப் பெயரில் வாங்கி, சோதனை தேறிய பிறகே மெய்ப்பெயரைச் சூட்டு. திருத்திய ஸ்கிரிப்டை, சாவிகளை நீக்கிவிட்டு, எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் ஆசிரியன்