வாய்க்குத்தான் தண்ணீர்

அன்பு மருமகளே,

நீ அனுப்பிய குரல் செய்தியைக் கேட்டேன். பாட்டி தண்ணீரை விழுங்க மறுக்கிறார், உதடு வெடித்துக் கிடக்கிறது, பெரியப்பா டிரிப் போடச் சொல்லிச் சண்டை பிடிக்கிறார் என்கிறாய். வாட்சாப்பில் பதில் போட்டால் அது சொந்தக்காரர்கள் குழுவில் பாதி வெட்டுப்பட்டுச் சுற்றும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். உனக்குப் பாட்டி, எனக்கு அம்மா. ஆனாலும் இதைத் தாதியாகவே எழுதப் பார்க்கிறேன்.

டிரிப் வேண்டாம் என்பதே என் கருத்து. பெரியப்பா சொல்வது பாசத்தில்தான்; நம் ஆட்களுக்கு ஒருவரைத் தாகத்தோடு அனுப்புவதைவிடப் பெரிய பாவம் வேறில்லை. ஆனால் பாட்டியின் உடம்பு இப்போது தண்ணீரைக் கையாளும் நிலையில் இல்லை. சிறுநீரகம் ஓய்ந்து வருகிறது. ரத்தத்தில் புரதம் குறைந்துவிட்டதால் ஏற்றுகிற சலைன் ரத்தக் குழாய்க்குள் தங்காமல் கால், வயிறு, நுரையீரல் என்று கசிந்து தேங்கும். கால் வீங்கும், மூச்சு வாங்கும், தொண்டையில் கோழை கூடும். தாகம் மட்டும் அப்படியே இருக்கும். ஏனென்றால் அந்த வறட்சி பெரும்பாலும் வாயில்தான் இருக்கிறது. வாயைத் திறந்துகொண்டு மூச்சு விடுவது, மார்ஃபின், வாந்தி மாத்திரை, மூக்கில் வைக்கும் ஆக்சிஜன், எல்லாமே எச்சிலை வற்றச் செய்யும்.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 1994இல் அமெரிக்காவில், நினைவு தெளிவாக இருந்த 32 கடைசிக்கால நோயாளிகளைக் கவனித்து எழுதினார்கள். அறுபது விழுக்காட்டுக்கு மேற்பட்டோருக்குத் தாகம் வரவே இல்லை, அல்லது தொடக்கத்தில் மட்டும் வந்தது. வந்தவர்களுக்கும் இரண்டு வாய்த் தண்ணீர், ஐஸ் துண்டு, உதட்டுக்குத் தடவும் களிம்பு, இவையே போதுமாக இருந்தன. 2013இல் வெளிவந்த இன்னொரு ஆய்வில் ஹூஸ்டன் வட்டாரத்தில் ஹோஸ்பிஸ் என்னும் கடைசிக்காலப் பராமரிப்பில் இருந்த 129 புற்றுநோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு நாளுக்கு 1 லிட்டர் சலைன், மறுபாதிக்குப் பெயருக்கு 100 மில்லி கொடுத்தார்கள். அசதியிலோ குழப்பத்திலோ வாழ்ந்த நாட்களிலோ சொல்லிக்கொள்ளும் வித்தியாசம் இல்லை. பெரியப்பாவிடம் இந்த 100 மில்லிக் கதையைச் சொல், அவருக்குக் கணக்கு பிடிக்கும்.

இதை எல்லாருக்குமான சட்டமாக எடுத்துக்கொள்ளாதே. எழுந்து நடமாடும் நோயாளிக்கு வாந்தி பேதியால் உடம்பு வற்றினால் டிரிப் போடத்தான் வேண்டும். நாள் முழுதும் உறங்கி, விழுங்கவும் முடியாமல் இருப்பவரின் கதை வேறு. எந்தக் கட்டம் என்பதை டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். உன் பெரியப்பாவும் நானும் ஃபோனில் முடிவு செய்கிற காரியமல்ல.

சரி, உன் கைக்கு வேலை. பல் செட்டு இருந்தால் கழற்றி வை. கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்து. குழந்தைகள் பல் விளக்கும் மெல்லிய பிரஷ்ஷைத் தண்ணீரில் நனைத்து, நன்றாக உதறிவிட்டு, ஈறு, கன்னத்தின் உட்பக்கம், நாக்கு என்று மெதுவாகத் துடை. பஞ்சைத் தனியாக வாய்க்குள் விடாதே, கடித்தால் உள்ளே போய்விடும். ஈரத்துணியை விரலில் சுற்றினாலும் பாட்டி கடிக்கமாட்டார் என்று உறுதியானால் மட்டும் செய். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை செய்தால் நல்லது. வாயைத் திறந்தபடியே தூங்கினால் அதற்குள்ளும் ஒருமுறை. நடுவில் சின்ன ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் அடிக்கலாம். கடையில் எலுமிச்சையும் கிளிசரினும் தோய்த்த குச்சி விற்கிறார்கள், வாங்காதே. நனைப்பதுபோல் நனைத்து, பிறகு இன்னும் வறள வைக்கும். உதட்டுக்கு வாஸ்லின் போதும். ஆக்சிஜன் வைத்திருந்தால் மட்டும் எண்ணெய்ப் பசை இல்லாத களிம்பாகக் கேட்டு வாங்கு. நாக்கில் தயிர் ஒட்டியதுபோல் வெள்ளை படிந்தால் அது பூஞ்சை. மருந்து உண்டு, தாதியிடம் சொல்.

விழித்திருந்து விழுங்குகிற நேரமென்றால், பாட்டிக்குப் பிடித்ததை ருசிக்குக் கொடு. இளநீரை, ரிபீனாவை, ஆறிய தேத்தண்ணியைக்கூட ஐஸ் தட்டில் உறையவைத்து, நொறுக்கி, நகக்கண் அளவு நாக்கில் வை. கெலாங் பாத்தாவுக்குப் பக்கத்திலேயே பெக்கான் நானாஸ் இருக்கிறது, அன்னாசிக்குப் பஞ்சமில்லை. அதன் சாறு எச்சிலை ஊறவைக்கும், நாக்கின் மாசையும் இளக்கும். வாயில் புண் இருந்தால் எரியும், அப்போது வேண்டாம். இருமல் வந்தால் எதுவானாலும் அந்த நொடியே நிறுத்து.

இன்னொன்று. கடைசி நேரத்தில் பால் ஊற்ற ஆளுக்கு ஆள் வரிசையில் நிற்பார்கள். குளுவாங்கிலிருந்தும் பொந்தியானிலிருந்தும் வருகிறவர்களை நீ தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். ஊற்றுவதை மட்டும் தடு. விழுங்காத தொண்டையில் பால் இறங்கினால் மூச்சுக்குழாய்க்குப் போகும். துளசித் தீர்த்தமோ பாலோ, விரலில் தொட்டு உதட்டில் வைக்கட்டும். சடங்குக்கு அது போதும் என்று பெரியப்பா வாயால் சொல்ல வை. நீ சொன்னால் சின்னப் பெண் பேச்சாகிவிடும்.

மூச்சு வாங்கும்போது ஜன்னலைத் திற, சின்ன மேசை விசிறியைக் கன்னத்தில் காற்றுப் படும்படி வை. முகத்தில் படும் காற்றே மூச்சுத்திணறல் உணர்வைக் குறைக்கும். ரத்தத்தில் ஆக்சிஜன் குறையாதபோது சிலிண்டரால் பெரிய பயனில்லை. மார்ஃபின் சிரப்பைக் கண்டு பயப்படாதே. டாக்டர் எழுதிய அளவில் கொடுத்தால் அது வலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் மருந்து. உயிரை எடுக்கும் மருந்து என்பது ஊர்ப்பேச்சு. மலச்சிக்கல் பெரும்பாலும் வரும், ஆகவே கூடவே தரும் மலமிளக்கியை விட்டுவிடாதே. விழுங்க முடியாமல் போனால் தோலுக்கடியில் மெல்லிய ஊசி வழியாக மருந்து ஏற்ற வழி இருக்கிறது. அதை இப்போதே கேட்டு வை, கடைசி ராத்திரியில் தேடாதே.

தொண்டையில் கரகரவென்று கோழை இழுக்கும். கேட்கிற நமக்குத்தான் நெஞ்சு பிசையும். மயக்கத்தில் கிடப்பவருக்குப் பெரும்பாலும் அது தெரிவதில்லை. குழாய் விட்டு உறிஞ்சச் சொல்லாதே, பக்கவாட்டில் சாய்த்துப் படுக்கவை. திடீரென்று புரண்டு, துணியைப் பிய்த்தால், முதலில் அடிவயிற்றைத் தொட்டுப் பார். சிறுநீர் அடைத்திருக்கலாம். அதைத் தாதி எடுத்துவிட்டாலே சாந்தமாகிவிடுவார்.

இதெல்லாம் வீட்டில் தனியாகச் செய்ய வேண்டியதல்ல. கோலாலம்பூரில் ஹோஸ்பிஸ் மலேசியா 1991இல் தொடங்கியது. கோத்தா கினாபாலுவில் 1995இல் அரசு மருத்துவமனையிலேயே இதற்கெனத் தனிப் பிரிவு வந்தது. இன்று இந்தப் பராமரிப்புக்கென 2019 முதல் 2030 வரைக்குமான தேசியக் கொள்கையே இருக்கிறது. ஆனாலும் டிரிப் என்றால் ஓடுகிற நம் குடும்பங்களில் பலர் இந்தச் சேவையைக் கேட்பதே இல்லை. ஜோகூர் பாருவில் வீட்டுக்கே வந்து பார்க்கும் பேலியேட்டிவ் (நோய்த்தணிப்புப் பராமரிப்பு) சங்கம் உண்டு. நாளைக் காலையில் கெலாங் பாத்தா அரசாங்கக் கிளினிக்கில், பாட்டியின் மருத்துவமனைக் கடிதத்தைக் காட்டி, யார் வீட்டுக்கு வருவார்கள், ராத்திரியில் யாரைக் கூப்பிடுவது என்று கேட்டு எழுதி வாங்கி ஐஸ்பெட்டியில் ஒட்டு.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் சிங்கப்பூரிலிருந்து துவாஸ் பாலத்தைத் தாண்டி வந்துவிடுவேன், நெரிசலைப் பொறுத்து. அதுவரை நீ ஒருத்தியே விழித்துக் கிடக்காதே. பெரியப்பாவுக்கும் பிரஷ்ஷைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்து, பாதி ராத்திரியை அவரிடம் விட்டுவிட்டுத் தூங்கு.

அன்புடன்,
அத்தை