தோள் மூட்டைக் காப்போம்

சங்கக் கணக்கைப் பார்வையிடச் சென்ற ஓர் ஊரில், அங்கத்தினர் ஒருவர் மூன்று மாதங்களாக நூல் வாங்காதிருக்கக் கண்டேன். விசாரித்ததில், வலது தோளின் வலியே காரணம் என்றார். ஆதலின் அம்மூட்டின் அமைப்பை நாம் அறிதல் நலம்.

மேற்கை எலும்பின் உருண்டைத் தலை, தோள்பட்டை எலும்பிலுள்ள ஆழமற்ற குழியில் பொருந்தியிருக்கிறது. இதனாலேயே கை எப்பக்கமும் சுழல்கிறது. தலையைக் குழியில் இருத்துபவை நான்கு தசைகளின் நாண்கள். அவற்றுள் மேலுள்ள நாண், தோள்முனை எலும்பின் கீழே குறுகிய இடைவெளி வழியாகச் செல்கிறது. நாடாக் கயிற்றை ஓயாது இழுக்கும் நெசவாளருக்கும், மண்வெட்டியை ஓங்கி வீசும் விவசாயிக்கும் அந்நாண் நைந்து போகலாம். கையைப் பக்கவாட்டில் உயர்த்துங்கால் வலித்தலும், இரவில் அப்பக்கம் படுக்க இயலாமையும் இதன் அறிகுறிகள்.

வலியைப் பொறுத்துக்கொண்டு உழைப்பதும், பிறரைக் கொண்டு கையை வெடுக்கென இழுக்கச் செய்வதும் தீது. முற்றிலும் அசையாது வைத்திருந்தாலோ மூட்டு இறுகிவிடும். வலி தரும் வேலையைச் சில நாள் குறைத்து, கையை மெல்ல அசைத்து வருக. சில வாரங்களில் குணமாகாவிடில் மருத்துவரிடம் காட்டுக. அடிபட்டபின் கையைத் தூக்கவே இயலாவிடில், அன்றே செல்க.

அறுந்த பாவிழையைக் கண்டவுடன் பிணைக்கும் நாம், நைந்த நாணை மட்டும் நாளைக்கென விடலாமா?