சேர்ந்தே வரும் சின்னச் சொற்கள்



'கேராஃப்' என்ற சொல் உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஊரிலிருந்து கடிதம் வந்தால் உறையின் மேல் உங்கள் பெயர் இருக்கும். அதன் கீழே கேராஃப் என்று போட்டு, வீட்டுக்காரர் பெயரோ மேஸ்திரி பெயரோ இருக்கும். ஆதார் அட்டையில் கூடப் பலருக்கு முகவரி இப்படித்தான் தொடங்குகிறது. ஒரு 'சி', ஒரு சாய்ந்த கோடு, ஒரு 'ஓ'. அவ்வளவுதான்.

பார்க்க ஒரே சொல் போல இருக்கிறது. ஆனால் அதில் 'கேர்', 'ஆஃப்' என்று இரண்டு சொற்கள் இருக்கின்றன. கேர் என்றால் கவனிப்பு, பொறுப்பு. ஆஃப் என்றால் 'உடைய'. அடுத்து வரும் பெயரோடு சேர்த்தால் 'இன்னாருடைய பொறுப்பில்' என்று ஆகிறது. கடிதம் உங்களுடையது. வாங்கி வைப்பவர் அவர். இந்த இரண்டு எழுத்தை நம்பித்தான் தபால்காரர் உங்கள் கடிதத்தை வேறொருவர் கையில் கொடுத்து விட்டுப் போகிறார்.

இப்படி இரண்டு மூன்று சின்னச் சொற்கள் சேர்ந்து ஒரே சொல்லாக வேலை செய்வது ஆங்கிலத்தில் நிறைய உண்டு. இலக்கணத்தில் இதைக் கூட்டு முன்னிடைச்சொல் என்பார்கள். அந்தப் பெயரை மறந்தாலும் பாதகமில்லை. நாம் 'கொத்து' என்றே சொல்வோம்.

பெங்களூரில் நம் மாலை வகுப்பில் தமிழ் எழுதப் படிக்கக் கற்றுக் கொண்டோம். வகுப்பை விட்டு வெளியே வந்தால் பலகைகளில் கன்னடமும் ஆங்கிலமும் இருக்கின்றன. ரயில் நிலையத்தில் இந்தியும் சேர்ந்து கொள்கிறது. மாத்திரை அட்டையும் வங்கிப் படிவமும் பெரும்பாலும் ஆங்கிலம்தான். மும்பைக்குப் போனாலும் டெல்லிக்குப் போனாலும் அந்த ஆங்கிலம் கூடவே வருகிறது. அதில் பெரிய சொற்களை நாம் எப்படியோ பிடித்து விடுகிறோம். டேப்லெட், பேங்க், டிரெயின் எல்லாம் தமிழ் போலவே ஆகி விட்டன. நடுவில் இருக்கும் சின்னச் சொற்களைத்தான் தாண்டிப் போய் விடுகிறோம்.

எஞ்சின் எந்தப் பக்கம்?

தமிழில் 'பேங்குக்கு முன்னால்' என்கிறோம். முதலில் பேங்க், பிறகு 'க்கு முன்னால்'. ஆங்கிலத்தில் 'இன் ஃப்ரண்ட் ஆஃப் பேங்க்'. முதலில் கொத்து, பிறகு பேங்க். தமிழில் எஞ்சின் பின்னால் இருந்து தள்ளுகிறது. ஆங்கிலத்தில் முன்னால் இருந்து இழுக்கிறது. அதனால் கொத்து வந்தால் உடனே பொருள் சொல்லப் பார்க்காதீர்கள். அடுத்த பெயரை முதலில் பிடியுங்கள். பிறகு திரும்பி வந்து கொத்துக்குப் பொருள் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 'பேங்குக்கு முன்னால்' என்பதிலும் இரண்டு துண்டு இருக்கிறது. ஒன்று 'க்கு'. இன்னொன்று 'முன்னால்'. 'பேங்க் முன்னால்' என்றால் கொஞ்சம் அரைகுறையாக இருக்கிறது அல்லவா? அந்த 'க்கு' செய்யும் வேலையைத்தான் ஆங்கிலத்தில் கொத்தின் கடைசியில் இருக்கும் 'ஆஃப்' செய்கிறது. சில கொத்துகளில் 'டு' வரும். சிலவற்றில் 'வித்' வரும். ஆக, இது நமக்குப் புதிய வித்தை இல்லை. பிறந்ததிலிருந்து பேசி வருவதுதான். வரிசைதான் வேறு.

ஒரு சின்னச் சொல்லால் இடமே மாறி விடும். 'இன் ஃப்ரண்ட் ஆஃப் பஸ்' என்றால் பஸ்ஸுக்கு முன்னால், சாலையில். நடுவில் 'தி' சேர்த்து 'இன் தி ஃப்ரண்ட் ஆஃப் பஸ்' என்றால் பஸ்ஸுக்குள்ளேயே முன்பக்கம். பெங்களூர் பஸ்ஸில் பெண்கள் உட்காருவது இரண்டாவது இடத்தில். முதல் இடத்தில் நின்றால் ஓட்டுநர் ஹாரன் அடிப்பார்!

பழைய மாத்திரையா, புதிய மாத்திரையா?

இந்தப் பாடத்தில் நீங்கள் நன்றாக மனதில் வைக்க வேண்டிய கொத்து 'இன்ஸ்டெட் ஆஃப்'. 'க்குப் பதிலாக' என்று பொருள்.

'காபி இன்ஸ்டெட் ஆஃப் டீ'. இதில் உங்களுக்குக் கிடைப்பது எது? கொத்துக்கு அடுத்த பெயரைப் பிடியுங்கள். டீ. டீக்குப் பதிலாகக் காபி. கிடைப்பது காபி. கொத்துக்குப் பின்னால் நிற்பது போய் விட்டது.

டீக்கடையில் இது மாறினால் ஒன்றும் ஆகாது. மருந்தில் மாறினால்? நம் வகுப்புக்கு வரும் ஒரு அக்காவின் மாமியாருக்கு ரத்த அழுத்தம். மருத்துவமனையில் நான்கு நாள் இருந்து வீடு திரும்பினார். வரும்போது ஒரு தாள் கொடுத்தார்கள். அதில் புதிய மாத்திரையின் பெயர் இருந்தது. பிறகு 'இன்ஸ்டெட் ஆஃப்'. பிறகு பழைய மாத்திரையின் பெயர். வீட்டில் எல்லோரும் இரண்டு பெயர்களையும் எழுத்துக் கூட்டிப் படித்து விட்டார்கள். அட்டையோடு ஒப்பிட்டும் பார்த்தார்கள். நடுவில் இருந்த கொத்தை யாரும் படிக்கவில்லை. இரண்டு பெயர் இருந்ததால் இரண்டு மாத்திரையும் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் பாட்டி தலை சுற்றி வாசற்படியில் விழுந்தார். நல்ல வேளையாகப் பெரிய அடி இல்லை. மருந்துக்கடைக்காரர் அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. வாயாலும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அங்கே கூட்டம் அப்படி.

இதற்கு நேர் எதிரான இரண்டு கொத்துகள் உண்டு. 'அலாங் வித்' என்றால் 'உடன் சேர்த்து'. 'இன் அடிஷன் டு' என்றால் 'தவிர இதையும்'. இவை வந்தால் பழையதை நிறுத்தக் கூடாது. இரண்டும் உண்டு. 'இன்ஸ்டெட் ஆஃப்' வந்தால் பின்னால் இருக்கும் பெயரை நிறுத்த வேண்டும். தாளில் இரண்டு மருந்துப் பெயர்கள் அடுத்தடுத்து இருந்தால், நடுவில் எந்தக் கொத்து இருக்கிறது என்று விரல் வைத்துப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் மருத்துவரிடமோ மருந்துக்கடையிலோ "பழையதை நிறுத்தணுமா, ரெண்டும் சேர்த்தா?" என்று கேளுங்கள். வெட்கப்பட வேண்டியதில்லை. படித்தவர்களும் கேட்கிறார்கள்.

மருந்துப் புட்டியில் இன்னொரு வரியும் இருக்கும். 'கீப் அவுட் ஆஃப் ரீச் ஆஃப் சில்ரன்'. இதில் 'ஆஃப்' இரண்டு முறை வருகிறது. பின்னாலிருந்து வாருங்கள். சில்ரன், குழந்தைகள். ரீச், கைக்கு எட்டும் தூரம். அவுட் ஆஃப், வெளியே. குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வை. இதே 'அவுட் ஆஃப்' பணம் எடுக்கும் இயந்திரத்தில் 'அவுட் ஆஃப் சர்வீஸ்' என்று தொங்கும். இயந்திரம் வேலையில் இல்லை என்று பொருள். கடையில் 'அவுட் ஆஃப் ஸ்டாக்' என்றால் சரக்கு தீர்ந்து விட்டது.

பொட்டலமும் தள்ளுபடியும்

பிஸ்கட் பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். எம்.ஆர்.பி. என்று போட்டு விலை இருக்கும். அதிகபட்ச சில்லறை விலை. பக்கத்திலேயே சின்ன எழுத்தில் 'இன்குளூசிவ் ஆஃப் ஆல் டாக்ஸஸ்' என்று இருக்கும். டாக்ஸஸ் என்றால் வரிகள். எல்லா வரிகளும் உட்பட என்று பொருள். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகும் இந்த வரி மாறவில்லை. ஆகவே கடைக்காரர் "வரி தனி" என்று சொல்ல முடியாது. குளிர்பானத்துக்குக் 'கூலிங் சார்ஜ்' என்று கடையில் இரண்டு ரூபாய் கூடக் கேட்பார்கள். அதுவும் கூடாது. பொட்டலத்தைக் காட்டிக் கேளுங்கள். அப்படியும் கேட்காவிட்டால் 1915 என்பது தேசிய நுகர்வோர் உதவி எண். விலையைக் குறைத்து விற்பதற்கு மட்டும் எந்தத் தடையும் இல்லை!

துணிக்கடையில் '50% ஆஃப்' என்று பெரிதாக எழுதியிருக்கும். இந்த ஆஃப் வேறு. நம் கொத்தில் வரும் ஆஃப்பை ஆங்கிலத்தில் எழுதும்போது ஓ, பிறகு ஒரே ஒரு எஃப். தள்ளுபடி ஆஃப்பில் இரண்டு எஃப் இருக்கும். எண்ணிப் பார்த்தால் போதும். அதோடு 50-க்கு மேலேயோ ஓரத்திலேயோ எறும்பு அளவில் 'அப் டு' என்று இருக்கிறதா என்றும் தேடுங்கள். 'அப் டு' என்றால் 'வரை'. ஏதோ ஒரு சட்டைக்கு 50. நீங்கள் எடுக்கும் சட்டைக்கு 10 ஆகவும் இருக்கலாம். அவர்கள் பொய் சொல்லவில்லை. சிறியதாகச் சொல்கிறார்கள். ரயில் பெட்டியில் சங்கிலிக்குப் பக்கத்திலும் இந்த 'அப் டு' உண்டு. காரணம் இல்லாமல் இழுத்தால் 1,000 ரூபாய் வரை அபராதம், ஓராண்டு வரை சிறை என்று எழுதியிருக்கும்.

பணம் யாருக்கு? கையெழுத்து யாருக்காக?

பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கு டிமாண்ட் டிராஃப்ட் கேட்டால், அறிவிப்பில் 'இன் ஃபேவர் ஆஃப்' என்று இருக்கும். ஃபேவர் என்றால் தயவு, ஆதரவு. அந்தப் பொருளை வைத்துக் கொண்டு இங்கே யோசித்தால் குழப்பம்தான். வங்கியில் இந்தக் கொத்துக்கு 'பெயருக்கு' என்று பொருள். அடுத்து வரும் பெயருக்குத்தான் பணம் போகும். 2018 செப்டம்பரிலிருந்து டிராஃப்டில் வாங்குகிறவர் பெயரும் அச்சாகிறது. ஆக, ஒரே தாளில் இரண்டு பெயர்கள். படிவத்தில் 'இன் ஃபேவர் ஆஃப்' என்ற இடத்தில் உங்கள் பெயரை எழுதி விடாதீர்கள். கல்லூரி சொன்ன பெயரை ஒரு எழுத்து விடாமல் எழுதுங்கள். டிராஃப்ட் மூன்று மாதம்தான் செல்லும்.

'ஆன் பிஹாஃப் ஆஃப்' என்றால் 'சார்பில்'. மகளிர் குழுத் தலைவி கையெழுத்துப் போடும் இடத்துக்கு மேலே இது இருக்கும். அடுத்துக் குழுவின் பெயர் இருக்கும். அப்படி இருந்தால் கையெழுத்து குழுவுக்காக. அந்தக் கொத்தும் குழுப் பெயரும் இல்லாத இடத்தில் போட்டால், அது நீங்கள் உங்களுக்காகப் போட்ட கையெழுத்தாகி விடலாம். கடன் தாளில் இது பெரிய வித்தியாசம். பேனாவைத் திறக்கும் முன் அந்த இடத்தை யாரையாவது விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். இரண்டு மாதம் போனால் நீங்களே படிப்பீர்கள்.

'சப்ஜெக்ட் டு' என்ற கொத்தைத் தொலைக்காட்சியில் தினமும் கேட்டிருப்பீர்கள். மியூச்சுவல் ஃபண்ட் விளம்பரம் முடியும்போது ஒருவர் மூச்சு விடாமல் படிப்பார். அதில் வருவது இதுதான். 'உட்பட்டது' என்று பொருள். சந்தை விழுந்தால் உங்கள் பணமும் குறையலாம் என்று சொல்கிறார். வேகமாகப் படிக்கிறார், அவ்வளவுதான்.

மழையால், மழை பெய்தும்

பேச்சில் அதிகம் வருவது 'பிகாஸ் ஆஃப்'. 'பிகாஸ் ஆஃப் ரெயின்' என்றால் மழையால். ஆஃப் இல்லாமல் 'பிகாஸ்' என்று மட்டும் சொன்னால், அடுத்து முழு வாக்கியம் வர வேண்டும். 'பிகாஸ் இட் ரெயின்ட்', மழை பெய்ததால். பெயர் மட்டும் சொல்வதானால் ஆஃப் வேண்டும். ரயில் நிலைய அறிவிப்பில் இதையே 'டியூ டு' என்பார்கள். வண்டி தாமதம் என்று கேட்டதும், 'டியூ டு'வுக்கு அடுத்த சொல்லைக் காது கொடுத்துக் கேளுங்கள். காரணம் அங்கேதான் வரும்.

'இன் ஸ்பைட் ஆஃப் ரெயின்' என்றால் மழை பெய்தும். மழையால் சந்தை நடக்கவில்லை, மழை பெய்தும் சந்தை நடந்தது. இரண்டிலும் மழை ஒன்றுதான். கொத்து மாறியதும் சந்தை திறந்து விட்டது.

அலுவலகக் கடிதங்களில் 'வித் ரெஃபரன்ஸ் டு', 'இன் கனெக்ஷன் வித்', 'இன் ரெஸ்பெக்ட் ஆஃப்' என்று நீளமாக வரும். பெரும்பாலும் 'பற்றி', 'தொடர்பாக' என்று எடுத்துக் கொண்டால் போதும். படிக்கத் தெரிந்தால் போதும், எழுத வேண்டாம். நீங்கள் எழுதும்போது 'அபவுட்' என்று போடுங்கள். எல்லோருக்கும் புரியும்.

பயிற்சி

1. வீட்டில் இருக்கும் மூன்று பொட்டலங்களை எடுங்கள். 'இன்குளூசிவ் ஆஃப்' எங்கே இருக்கிறது என்று தேடிப் பென்சிலால் வட்டம் போடுங்கள்.

2. லிஃப்ட் அருகே 'இன் கேஸ் ஆஃப் ஃபயர், டு நாட் யூஸ் லிஃப்ட்' என்று எழுதியிருக்கிறது. ஃபயர் என்றால் தீ. எஞ்சின் எது? பெட்டி எது? முழு வரிக்கும் தமிழில் பொருள் எழுதுங்கள்.

3. 'ரைஸ் இன்ஸ்டெட் ஆஃப் சப்பாத்தி', 'ரைஸ் அலாங் வித் சப்பாத்தி'. எந்தத் தட்டில் இரண்டும் இருக்கும்?

4. உங்கள் தெருவில் குழாயில் தண்ணீர் வரவில்லை. தெரு மக்கள் சார்பில் மாநகராட்சிக்குத் தமிழில் நான்கு வரி எழுதுங்கள். கீழே கையெழுத்துப் போடும் இடத்துக்கு மேல் 'ஆன் பிஹாஃப் ஆஃப்' என்று எழுதித் தெருவின் பெயரைச் சேர்த்து, அடுத்த வகுப்புக்குக் கொண்டு வாருங்கள்.