கியூஆர் ஸ்கேனை எண்ண எந்த வழி உங்களுக்கு?

ஆடித் தள்ளுபடிக்கு நோட்டீஸ், ஃப்ளெக்ஸ், ஆட்டோ பின்பக்கம், கட்டைப்பை என்று நான்கு இடங்களில் விளம்பரம் செய்யும் ஒரு ஜவுளிக்கடையை எடுத்துக்கொள்வோம். நான்கிலும் ஒரே கியூஆர் குறியீடு. மாதம் முடிந்து பார்த்தால் இணையதளத்துக்கு ஆள் வரத்து கூடியிருக்கிறது. ஆனால் எதற்குக் கொடுத்த காசு வேலை செய்தது என்று முதலாளிக்குத் தெரியாது. அடுத்த ஆடிக்கும் நான்குக்கும் சேர்த்தே பணம் கட்டுவார். ஸ்கேனை எண்ணுவது இந்த ஒரு கேள்விக்குப் பதில் கிடைப்பதற்காகத்தான். அதனால் எந்த முறையில் எண்ணினாலும், இடத்துக்கு ஒரு குறியீடு வேண்டும். நோட்டீஸுக்கு ஒன்று, பைக்கு ஒன்று, முடிந்தால் நோட்டீஸிலேயே ஏரியாவுக்கு ஒன்று.

இன்னொன்றையும் தெரிந்துகொண்டால் தேர்வு எளிதாகும். கியூஆர் குறியீடு தானாக எதையும் எண்ணாது. 1994இல் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனம் கார் உதிரிபாகங்களை அடையாளம் காண உருவாக்கியது அது. அந்தக் கட்டங்களுக்குள் இருப்பது வெறும் எழுத்துகள். போன் அவற்றைப் படிக்கும்போது யாருக்கும் தகவல் போவதில்லை. படித்த முகவரிக்குப் போன் போகிறதல்லவா, எண்ணிக்கை அங்கேதான் நடக்கிறது. நீங்கள் தேர்ந்தெடுப்பது அந்த இடத்தை.

முகவரியிலேயே அடையாளம் சேர்ப்பது

செலவே இல்லாத வழி இது. உங்கள் இணைய முகவரியின் வாலில் யுடிஎம் எனப்படும் அடையாளச் சொற்களைச் சேர்த்து, அந்த முழு முகவரியையும் குறியீடாக்கி அச்சடிக்கிறீர்கள். எங்கிருந்து வந்தார், எந்த வகை விளம்பரம், எந்தப் பிரசாரம் என்று கூகுள் அனலிட்டிக்ஸ் பிரித்துக் காட்டும். இந்த வால் இல்லாவிட்டால் ஸ்கேன் செய்து வந்தவர்கள் எல்லாம் ‘டைரக்ட்’ என்ற ஒரே மூட்டையில் விழுந்துவிடுவார்கள். பெயர் வைக்கும்போது எல்லாவற்றையும் ஆங்கிலச் சிறிய எழுத்தில் வையுங்கள். ஒன்றில் பெரிய எழுத்து, இன்னொன்றில் சிறிய எழுத்து என்று கலந்தால் ஒரே நோட்டீஸ் அறிக்கையில் இரண்டாகப் பிரிந்து நிற்கும்.

சிக்கல் நீளத்தில் இருக்கிறது. எழுத்து கூடக் கூடக் கட்டங்கள் பொடியாகும். நடுத்தரப் பிழைதிருத்த அளவில், 26 எழுத்துகளுக்குள் அடங்கும் முகவரிக்கு 25க்கு 25 கட்டங்கள் போதும். யுடிஎம் வாலோடு 120 எழுத்துகள் ஆகிவிட்டால் 45க்கு 45 வேண்டும். 2 செ.மீ. அகலத்தில் விசிட்டிங் கார்டில் அச்சிட்டால் முதலாவதில் ஒரு கட்டம் 0.8 மி.மீ., இரண்டாவதில் 0.44 மி.மீ. வழவழப்பான ஆர்ட் பேப்பரில் இரண்டாவதும் தப்பிக்கலாம். துணிப்பையில் மை கசிந்தால் எந்த கேமராவுக்கும் பிடிபடாது. தவிர, அச்சான பிறகு முகவரியை மாற்ற முடியாது. ஆடி முடிந்து அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டால், பையில் இருக்கும் குறியீடு ‘பக்கம் இல்லை’ என்ற செய்தியைத்தான் காட்டும்.

சந்தா கட்டும் டைனமிக் சேவை

இதில் குறியீட்டுக்குள் இருப்பது சேவை நிறுவனத்தின் குட்டி முகவரி. ஸ்கேன் செய்தவர் முதலில் அங்கே போய், அங்கிருந்து உங்கள் பக்கத்துக்கு வருகிறார். நடுவில் நின்று அவர்கள் எண்ணுகிறார்கள். போய்ச் சேரும் பக்கத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். நேரம், ஊர், ஆண்ட்ராய்டா ஐபோனா என்று வரைபடம் போட்டுக் காட்டுவார்கள்.

நேரக் கணக்கை நம்பலாம். ஊர்க் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். அது ஐபி முகவரியை வைத்துச் செய்யும் அனுமானம். மொபைல் டேட்டாவில் வரும் இணைப்பு எங்கோ ஒரு பெருநகர மையம் வழியாக வெளியேறுவதால், தென்காசியில் ஸ்கேன் செய்தவர் சென்னைக்காரராகப் பதிவாகலாம். அதைப் பார்த்துவிட்டு சென்னையில் விளம்பரம் போடக் கிளம்பக் கூடாது. ஏரியா தெரிய வேண்டுமென்றால் ஏரியாவுக்கு ஒரு குறியீடு என்பதுதான் பிழையில்லாத வழி.

பெரிய ஆபத்து வேறு. அந்தக் குட்டி முகவரி வாடகை வீடு. சந்தாவைப் புதுப்பிக்க மறந்தால், அல்லது இலவச சோதனைக் காலம் முடிந்தால், பல சேவைகளில் குறியீடு செத்துவிடும். நீங்கள் ஒழுங்காக இருந்தாலும் சேவையே மூடப்படலாம். கூகுளே தனது ஃபயர்பேஸ் டைனமிக் லிங்க்ஸ் சேவையை 2025 ஆகஸ்ட் 25இல் நிறுத்திவிட்டது. கண்காட்சி, ஒரு மாதத் தள்ளுபடி போன்றவற்றுக்குச் சந்தா சரி. வருடக்கணக்கில் புழங்கும் பெட்டி, பாட்டில், பை ஆகியவற்றில் இதை அச்சடிக்காதீர்கள். பணம் கட்டும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: சந்தா முடிந்தால் குறியீடு என்னவாகும்? என் சொந்த டொமைனை இணைக்க முடியுமா? ஸ்கேன் விவரங்களை ஃபைலாக இறக்கிக்கொள்ள முடியுமா?

சொந்த டொமைனில் திருப்பிவிடுவது

இணையதளம் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். உங்கள் டொமைனுக்குப் பின்னால் ஒரு சாய்கோடு, அதன்பின் இரண்டு மூன்று எழுத்துகள். அவ்வளவுதான் குறியீட்டுக்குள் போகும் முகவரி. அங்கே வருபவரை யுடிஎம் வாலோடு கூடிய நீளமான முகவரிக்குத் திருப்பிவிடுகிறீர்கள். கட்டங்கள் பெரிதாகவே இருக்கும், அனலிட்டிக்ஸ் கணக்கும் கிடைக்கும், இலக்கையும் மாற்றலாம். டொமைன் உங்கள் கையில் இருக்கும்வரை குறியீடும் சாகாது. வேர்ட்பிரஸ் தளமென்றால் ரீடைரக்‌ஷன் என்ற இலவசச் செருகுநிரலிலேயே இதைச் செய்யலாம்.

திருப்பிவிடும் வகையைத் தேர்ந்தெடுக்கும்போது 302 போடுங்கள், 301 வேண்டாம். 301 என்றால் நிரந்தர மாற்றம். பிரவுசர் அதை நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த முறை உங்கள் சர்வரைத் தொடாமலே இலக்குக்குப் போய்விடலாம். அந்த ஸ்கேன் எண்ணிக்கையில் வராது. நாளைக்கு இலக்கை மாற்றினாலும் பழைய வாடிக்கையாளர் பழைய பக்கத்துக்கே போவார்.

இந்த வழியில் இன்னொரு ஆதாயம் உண்டு. திருப்பிவிட்ட கணக்கு ஒன்று, அனலிட்டிக்ஸில் பக்கம் திறந்த கணக்கு ஒன்று என்று இரண்டு எண்கள் கையில் இருக்கும். விளம்பரத் தடுப்பான்கள், தானியங்கி பாட்கள் காரணமாகக் கொஞ்சம் வித்தியாசம் எப்போதும் இருக்கும். நூறு பேர் திருப்பிவிடப்பட்டு அறுபது பேருக்குத்தான் பக்கம் திறந்தது என்றால், பக்கம் ஏற நேரமாகி மற்றவர்கள் மூடிவிட்டுப் போயிருக்கலாம். நோட்டீஸைக் குறை சொல்லும் முன் பக்கத்தில் இருக்கும் பெரிய படங்களைச் சுருக்குங்கள்.

இணையதளம் இல்லாத கடைக்கு வாட்ஸ்அப்

வாட்ஸ்அப் இணைப்பில் செய்தியை முன்கூட்டியே எழுதி வைக்கலாம். நோட்டீஸில் உள்ளதை ஸ்கேன் செய்தால் ‘வணக்கம், நோட்டீஸ் பார்த்தேன், ஆடி ஆஃபர் வேண்டும்’ என்று வரும். பையில் உள்ளதற்கு வேறு வாசகம். வாட்ஸ்அப் பிசினஸில் வந்தவர்களுக்கு லேபிள் போட்டுவைத்தால் எண்ணிவிடலாம். ஸ்கேன் செய்தவர்களில் ‘அனுப்பு’ பொத்தானை அழுத்தாதவர்கள் கணக்கில் வரமாட்டார்கள். ஆனால் அழுத்தியவர் ஒவ்வொருவரும் உண்மையான வாடிக்கையாளர். பதில் சொல்ல ஆள் இருந்தால் மட்டும் இதில் இறங்குங்கள். கிடைத்த எண்ணுக்குக் கேட்காமல் தினமும் விளம்பரம் அனுப்பவும் கூடாது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சம்மதத்தை அடிப்படையாகக் கொண்டது.

எந்த வழியானாலும் நம் ஊரில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கியூஆர் என்றாலே பணம் கட்டுவது என்று மக்களுக்குப் பழகிவிட்டது. ஜிபேயைத் திறந்து ஸ்கேன் செய்து, ஒன்றும் வராமல் போகிறவர்கள் உண்டு. ‘போன் கேமராவில் ஸ்கேன் செய்யுங்கள், பணம் கட்ட அல்ல, தள்ளுபடி கூப்பனுக்கு’ என்று பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள்.

எண்ணிக்கையை எப்படிப் படிப்பது

ஸ்கேன் கணக்கோடு நின்றால் தப்பான முடிவுக்கு வருவோம். ஒரு பேச்சுக்கு, நோட்டீஸுக்கு 6,000 ரூபாய் செலவு, 80 ஸ்கேன். ஆட்டோவுக்கு 12,000 ரூபாய், 200 ஸ்கேன் என்று வைத்துக்கொள்வோம். ஆட்டோ ஜெயித்தது போலத் தெரியும். ஆனால் திறக்கும் பக்கத்தில் இடத்துக்கு ஒரு கூப்பன் வைத்து, பில் போடும்போது அதைக் குறித்துக்கொண்டால் கதை மாறலாம். நோட்டீஸிலிருந்து 20 பில், ஆட்டோவிலிருந்து 15 பில் என்றால், ஒரு பில்லுக்கு விளம்பரச் செலவு முறையே 300 ரூபாய், 800 ரூபாய். அடுத்த ஆடிக்கு எதைக் குறைப்பது என்று இப்போது முடிவெடுக்கலாம். கூப்பனைக் கேட்டுப் பதிய வேண்டியவர் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர். அவரிடம் சொல்லிவைக்காவிட்டால் மேலே சொன்ன எந்த முறையும் பலன் தராது.

அச்சகத்துக்கு ஓகே சொல்லும் முன், அதே பேப்பரிலோ துணியிலோ ஒரு பிரதி வாங்கி, ஒரு பழைய ஆண்ட்ராய்டு போன் உட்பட மூன்று போன்களில் ஸ்கேன் செய்து பாருங்கள். ஃப்ளெக்ஸ் என்றால் பார்க்கும் தூரத்தில் பத்தில் ஒரு பங்காவது குறியீடு அகலமாக இருக்கட்டும். மூன்று மீட்டருக்கு 30 செ.மீ. உங்கள் மூன்று ஸ்கேனும் சரியான பெயரில் அறிக்கையில் விழுந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு மெஷினை ஓட்டச் சொல்லுங்கள்.