பார்த்தது பாதியா, முழுதா?

ஆங்கிலத்தில் சீ, ஹியர், வாட்ச், ஃபீல், நோட்டிஸ் போன்றவை புலன்களால் அறிவதைச் சொல்லும் வினைகள். 'அவன் ஓடுவதைப் பார்த்தேன்' என்பதுபோல, இவற்றுக்குப் பின்னால் ஓர் ஆளும் அவர் செய்த வேலையும் வரும். அந்த இரண்டாவது வினையை எந்த வடிவில் போடுவது? போட்டித் தேர்வுகளின் 'பிழை கண்டுபிடி' கேள்விகளில் பலரும் சறுக்கும் இடம் இது. சறுக்கலுக்குக் காரணம் அறியாமை அல்ல, அரைகுறையாகப் பதிந்துபோன சில நம்பிக்கைகள்.

நம்பிக்கை 1: முதல் வினை இறந்தகாலம் என்றால் இரண்டாவதும் இறந்தகாலமே.

உண்மை: 'ஐ சா ஹிம் கிராஸ்டு த ரோட்' பிழை. 'ஐ சா ஹிம் கிராஸ் த ரோட்' என்பதே சரி. தமிழில் 'அவன் சாலையைக் கடந்ததைப் பார்த்தேன்' என்கிறோம். 'கடந்தது', 'பார்த்தேன்' இரண்டிலும் காலம் இருக்கிறது. அதே பழக்கத்தில் ஆங்கிலத்திலும் இரண்டு இடத்தில் காலத்தை வைத்துவிடுகிறோம். அங்கே காலத்தைச் சுமப்பது 'சா' மட்டும்தான். நாளை நடக்கப்போவதைச் சொன்னாலும் 'யூ வில் சீ ஹிம் கிராஸ்'தான். தினமும் நடப்பதானாலும் 'ஐ சீ ஹிம் கிராஸ் எவ்ரி டே'தான், 'கிராஸஸ்' அல்ல.

இதற்கான சான்று வாக்கியத்துக்குள்ளேயே இருக்கிறது. 'ஹி' என்று வராமல் 'ஹிம்' என்று வருகிறது. காலம் காட்டும் வினைக்கு 'ஹிம்' எழுவாயாக நிற்க முடியாது. 'ஹி கிராஸ்டு' என்று சொல்ல வேண்டுமானால் நடுவில் 'தட்' வேண்டும், வெளிப்படையாகவோ மறைந்தோ. அப்போது பொருளும் நகர்ந்துவிடும். 'ஐ ஹியர்டு ஹெர் சிங்' என்றால் அவள் பாட்டு என் காதில் விழுந்தது. 'ஐ ஹியர்டு தட் ஷி சிங்ஸ்' என்றால் அவள் பாடுவாள் என்று யாரோ சொல்லக் கேள்வி.

நம்பிக்கை 2: 'கிராஸ்' போட்டாலும் 'கிராஸிங்' போட்டாலும் ஒன்றுதான்.

உண்மை: இரண்டும் சரி, ஆனால் ஒன்றல்ல. எவ்வளவு பார்த்தோம் என்பதில்தான் வேறுபாடு. முழு நிகழ்வையும் முதலிலிருந்து முடிவுவரை பார்த்திருந்தால் 'கிராஸ்'. நடந்துகொண்டிருந்ததன் ஒரு பகுதியைப் பார்த்திருந்தால் 'கிராஸிங்'. 'ஐ சா எ மேன் டிரவுன்' என்றால் அந்த மனிதர் மூழ்கி இறந்தே போனார். 'ஐ சா எ மேன் டிரவுனிங்' என்றால் தத்தளித்துக்கொண்டிருந்தார், காப்பாற்றப்பட்டும் இருக்கலாம். ஒரு நொடியில் முடிகிற செயல் என்றால், 'ஐ சா ஹெர் ஜம்ப்' ஒரே ஒரு குதி. 'ஜம்பிங்' என்றால் திரும்பத் திரும்பக் குதித்தாள்.

'கேன்', 'குட்' சேர்ந்தால் 'இங்' வடிவமே இயல்பு: 'ஐ குட் ஹியர் ஹெர் சிங்கிங்'. 'ஸ்மெல்' என்ற வினையும் அப்படியே. அடுப்பில் ஏதோ தீய்கிற வாசனை வந்தால் 'ஐ கேன் ஸ்மெல் சம்திங் பர்னிங்' என்றுதான் சொல்ல வேண்டும். 'பர்ன்' அங்கே வராது.

நம்பிக்கை 3: இந்த வினைகளுக்குப் பின் 'டு' வரவே வராது.

உண்மை: செய்வினை வாக்கியம் வரைக்கும் இது பொதுவாகச் சரி. நம் பள்ளிகளில் பரவலாகப் புழங்கும் ரென் அண்டு மார்ட்டின் இலக்கண நூலும், 'டு' இல்லாமல் வரவேண்டிய வினைகளின் பட்டியலில் லெட், மேக் ஆகியவற்றோடு சீ, ஹியர் இரண்டையும் சேர்த்திருக்கிறது. இது பழைய வழக்கத்தின் எச்சம். பழைய ஆங்கிலத்தில் வினையின் எச்ச வடிவத்துக்கு 'அன்' என்ற விகுதி இருந்தது, 'டு' தேவைப்படவில்லை. விகுதி தேய்ந்து மறைந்தபின் 'டு' பல இடங்களில் நிலைபெற்றது, சீ, ஹியர் போன்ற சில வினைகளை மட்டும் தொடவில்லை.

ஆனால் வாக்கியத்தைச் செயப்பாட்டுவினைக்கு மாற்றினால் 'டு' திரும்பி வந்துவிடும். 'தே சா ஹிம் லீவ் த ஹவுஸ்' என்பது 'ஹி வாஸ் சீன் டு லீவ் த ஹவுஸ்' ஆகும். வாய்ஸ் மாற்றும் கணக்கில் மதிப்பெண் போவது பெரும்பாலும் இங்கேதான். 'லீவிங்' மட்டும் மாறாது: 'ஹி வாஸ் சீன் லீவிங்'. புலனை விட்டுக் கருத்துக்குப் போனால் செய்வினையிலும் 'டு பி' வரும். 'ஐ ஃபெல்ட் த டிசிஷன் டு பி அன்ஃபேர்' என்பதில் தொட்டு உணர எதுவும் இல்லை, அது ஒரு தீர்ப்பு.

நம்பிக்கை 4: இங்கே பாஸ்ட் பார்ட்டிசிப்பிளுக்கு வேலையே இல்லை.

உண்மை: முதல் நம்பிக்கையைத் திருத்திக்கொண்டவர்கள் அடுத்து விழும் குழி இது. 'ஐ ஹியர்டு மை நேம் கால்டு' முற்றிலும் சரி. பெயர் யாரையும் அழைக்கவில்லை, பெயர்தான் அழைக்கப்பட்டது. 'கால்டு' அங்கே இறந்தகாலத்தைக் காட்டவில்லை, செயப்பாட்டைக் காட்டுகிறது. சாலையைக் கடந்தவர் அந்த ஆளே என்பதால்தான் முன்பு 'கிராஸ்டு' பொருந்தவில்லை. இதிலும் பாதி, முழுது உண்டு. கட்டடத்தை இடித்துக்கொண்டிருக்கும்போது பார்த்தால் 'ஐ சா த பில்டிங் பீயிங் டிமாலிஷ்டு' என்று 'பீயிங்' சேர்க்க வேண்டும்.

நம்பிக்கை 5: சீ, ஹியர் போன்ற வினைகள் எப்போதுமே 'இங்' ஏற்காது.

உண்மை: இங்கே கேள்வி இரண்டாவது வினையைப் பற்றியதல்ல, புலன் வினையைப் பற்றியது. தானாகக் காதில் விழும் சத்தத்துக்கு 'ஐ ஆம் ஹியரிங் எ நாய்ஸ்' என்பது பொருந்தாது, 'ஐ கேன் ஹியர்' போதும். ஆனால் நாமாக விரும்பிச் செய்யும் செயலுக்குத் தடையில்லை. சமையல்காரர் சூப்பைச் சுவைத்துப் பார்க்கும்போது 'ஹி இஸ் டேஸ்டிங் த சூப்'. டாக்டரைச் சந்திக்கப் போகிறவர் 'ஐ ஆம் சீயிங் த டாக்டர் டுமாரோ' என்பார்.

இனி தேர்வுத்தாளில் 'சிங்', 'சிங்கிங்' இரண்டும் விடைகளாக நின்றால், விதியை மட்டும் நினைவுகூர்ந்து பயனில்லை, இரண்டு வடிவமும் அதன்படி சரியே. வாக்கியத்தின் மீதியைப் படியுங்கள். 'மண்டபத்தைக் கடந்து போகையில்' என்றிருந்தால் காதில் விழுந்தது பாட்டின் ஒரு துண்டுதான், விடை 'சிங்கிங்'. 'முதலிலிருந்து கடைசிவரை' என்றிருந்தால் 'சிங்'.