பாஸ் காலடியில், தூண்டில் தூரத்தில்

நியூஜெர்சி கடற்கரையில் ஃபிளை தூண்டிலோடு ஸ்ட்ரைப்டு பாஸ் மீனுக்காக நிற்கிறேன். எதிர்காற்றில் நாற்பது அடிகூட வீச முடியவில்லை. என்ன செய்ய?

நாற்பது அடியே தாராளம்! அலை உடையும் மேட்டுக்கும் கரைக்கும் நடுவே ஒரு பள்ளம் ஓடும். அங்கே தண்ணீர் கொஞ்சம் கருத்துத் தெரியும். விடியற்காலையில் பொடிமீனைத் துரத்திக்கொண்டு பாஸ் அதற்குள் வந்துவிடும். இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறீர்களோ? மீன் உங்கள் முதுகுக்குப் பின்னால் மேய்ந்துகொண்டிருக்கும். ஈர மணலிலேயே நின்று, கரையை ஒட்டிச் சாய்வாக வீசுங்கள். 9 அல்லது 10 எண் ராட், மெல்ல மூழ்கும் இன்டர்மீடியட் லைன், வெள்ளையும் பச்சையுமாக ஒரு கிளவுசர் மின்னோ ஃபிளை போதும். இழுத்த லைன் விழ இடுப்பில் கூடை கட்ட மறக்காதீர்கள்; லைனை அலை காலில் சுற்றினால் அன்றைக்குச் சிக்கும் மீன் நீங்கள்தான். ஃபிளை காலடிக்கு வரும்வரை இழுங்கள், கடைசி நொடியிலும் மீன் கவ்வும்.